கொற்கைச் சிங்களவனும் தோட்டத்து இந்தியனும்

ஒதெல்லோ நாடகத்தோட முழுப் பெயரில் ஒரு ஊர் இருக்கு, ஒரு இனமும் இருக்கு: வெனிஸ் நகரத்து மூர். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்த அ. மாதவையா வைத்த பெயரிலும் அப்படித்தான், ஒரு ஊரும் ஒரு இனமும்: 'உதயலன் என்னும் கொற்கைச் சிங்களவன்'. வெனிஸ் கொற்கை ஆகிவிட்டது. மூர் சிங்களவன் ஆகிவிட்டான்.

இந்தத் தலைப்பை முதலில் பார்த்தப்போ நான் சிரிச்சேன். கெம்பஸ்ல என்னோட படிக்கிற சிங்களத் தோழிக்குச் சொன்னேன், அவளும் சிரிச்சா. அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வி: ஏன் சிங்களவன்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒரு தமிழ் எழுத்தாளருக்கு, 'நம்மோட இருக்கிறான், ஆனா நம்மவன் இல்ல' என்று வாசகருக்கு உடனே விளங்குகிற ஒரு ஆள் தேவைப்பட்டான். அவர் கடலைத் தாண்டி இந்தத் தீவைப் பார்த்தார்.

மாதவையா (1872–1925) 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவர் என்ற அளவில் நம்மில் சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். உப்பு இலாகாவில் வேலை செய்தவர். பிறந்தது பெருங்குளம். கொற்கை அங்கிருந்து கிட்டத்தான். அந்தக் காலத்துப் பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பேர் போன ஊர், இப்போ கடல் பல மைல் பின்வாங்கிப்போன ஒரு கிராமம். கடல் வணிகத்தில் பணக்கார நகரமான வெனிஸுக்கு ஈடா ஒரு தமிழ் ஊர் வேணும்னா கொற்கையை விடப் பொருத்தமான இடம் கிடைச்சிருக்காது. பாண்டிய நாட்டில் ஒரு சிங்களத் தளபதி என்பதும் முழுக்கக் கற்பனை இல்ல. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகுவின் தளபதி இலங்காபுரன் படையோட பாண்டிய நாட்டுக்குள் போய், அங்கே அரசுரிமைச் சண்டையில் ஒரு பக்கம் நின்று போர் செய்த வரலாறு இருக்கு. தமிழ்நாட்டு மன்னர் சண்டையில் தீவின் வீரன் கூப்பிடப்பட்டதுக்கு அது ஒரு முன்னுதாரணம்.

நாடகங்களைத் தமிழ்ப்படுத்துகிறப்போ பெயரையும் ஊரையும் சேர்த்து மாத்துவது அந்தக் காலத்து வழக்கம். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், மக்பெத்தை 'மகபதி' ஆக்கினார். ஓசை கிட்டத்தட்ட ஒன்று, பொருளும் நம்ம ஊர்ப் பொருள். நம்ம சுவாமி விபுலாநந்தர் ஒரு படி மேலே போய் எழுதினவரையே தமிழராக்கிவிட்டார். 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியர் 'செகசிற்பியார்'. அந்தப் புத்தகத்தில் அவர் பன்னிரண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களை எடுத்து விளக்குகிறார், வடமொழி நாடக இலக்கணத்தோட பக்கத்தில் வைத்து. காரைதீவில் பிறந்த ஒரு துறவி ஷேக்ஸ்பியரை இவ்வளவு அக்கறையாப் படிச்சிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய தெம்பு. ஆங்கில நாடகம் என்றால் கான்வென்ட் பிள்ளைகள் சொத்துனு நினைச்சு வளர்ந்தவங்க நாம.

இந்தப் பெயர்மாற்றங்களில் பெரும்பாலானவை வெறும் சட்டை மாத்துறது மாதிரி. டென்மார்க் இளவரசனை எந்த நாட்டு இளவரசனாக ஆக்கினாலும் கதை நடக்கும். ஒதெல்லோவில் அது முடியாது. அங்கே மாத்த வேண்டியது ஒரு உறவு: யார் உள்ளவன், யார் வெளியாள். அதைத் தமிழில் எழுத ஒருத்தர் பேனா எடுத்தா, அவர் சமூகம் யாரை வெளியாள்னு நினைக்குது என்பது வெளியே வந்துடும். (இதே நாடகத்தை இலங்கையில் ஒருத்தர் தமிழாக்கியிருந்தா 'சோனகன்' என்று எழுதியிருக்கலாம். போர்த்துக்கேயர் இங்கே முஸ்லிம்களைக் கண்டதும் ஊரில் பழகின அதே 'மூர்' என்ற சொல்லை வச்சாங்க. குடிசன மதிப்பீட்டில் இன்னைக்கும் 'இலங்கைச் சோனகர்' என்பதன் ஆங்கிலப் பெயர் அதுதான். வெனிஸ் மூரும் நம்ம ஊர் மூரும் ஒரே அகராதியிலிருந்து வந்தவங்க.)

நாடகத்துக்கு வருவோம். 1604 நவம்பர் 1ஆம் தேதி லண்டன் வைட்ஹால் அரண்மனையில், முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் இது நடிக்கப்பட்ட பதிவு இருக்கு. கதை ஷேக்ஸ்பியரோட சொந்தக் கதை இல்ல. சின்தியோ என்ற இத்தாலியர் 1565இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் இருந்து எடுத்தது. சின்தியோவின் கதையில் நாயகனுக்குப் பெயரே கிடையாது. 'மூர்', அவ்வளவுதான். ஷேக்ஸ்பியர் பெயர் வச்சார். வச்சும், அதை உடனே யார் வாயிலும் வர விடல. முதல் காட்சி முழுக்க அவனைப் பத்தித்தான் பேச்சு. தடிச்ச உதட்டுக்காரன், கறுப்புக் கடா, குதிரை, மூர். பெயர் மட்டும் இல்ல. ரெண்டாவது காட்சியில் அவனே வந்து நிற்கிறான், அங்கேயும் யாரும் பெயர் சொல்றதில்ல. மூன்றாவது காட்சியில், செனட் சபையில், வெனிஸ் ஆட்சித் தலைவர்தான் முதல் தடவையா அவன் பெயரைச் சொல்கிறார். சொல்கிற அதே வாக்கியத்தில், துருக்கியருக்கு எதிரா உன்னை உடனே வேலைக்கு அனுப்பணும் என்கிறார்.

தோட்டத்தில் வளர்ந்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. நம்ம பக்கம் 'பேர்' என்றால் என்ன? காலையில் பிரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்து, செக்ரோல்ல விழுகிற ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைஞ்சா 'அரைப் பேர்'. 'இந்த மாசம் உனக்கு எத்தன பேரு?' என்று கேட்டா, எத்தனை நாள் வேலைனு அர்த்தம். உலகத்தில் வேற எங்கேயும் தமிழில் இந்தப் பொருளில் இந்தச் சொல் புழங்குதானு எனக்குத் தெரியல. ஒரு மனுசன் வேலை செஞ்சாத்தான் அவனுக்குப் பேர் விழும் என்ற ஏற்பாட்டை, 1604இல் ஒருத்தர் நாடகத்தில் ஒரே வரியில் வச்சிருக்கார். வகுப்பில் இதைச் சொல்லலாமா வேணாமானு யோசிச்சு, கடைசியில் சொல்லல. அங்கே 'பேர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் விளக்கவே பத்து நிமிஷம் போயிருக்கும்.

மாதவையா தன் உதயலனை எழுதிய அந்த வருடங்களில் கொற்கைக்குப் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியாக நடந்து செத்தவங்க கதை நமக்கெல்லாம் தெரியும். 1860களின் கடைசியில் கோப்பியில் நோய் விழுந்து, அடுத்த இருபது வருடத்துக்குள் தேயிலை மலையைப் பிடிச்சபோது, வருஷம் முழுக்க ஆள் தேவைப்பட்டது. கங்காணிமார் ஊர் ஊராய்ப் போய், முற்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக் கூட்டிவந்தாங்க. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வந்த பிறகு பாதை மாறியது, ஆட்கள் வருவது நிக்கல. ஒரு எழுத்தாளர் தாளில் ஒரு சிங்களவனைக் கொற்கைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தச் சீமையிலிருந்தும் அதைச் சுத்தின மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர் சிங்களவர் நாட்டுக்கு ஏத்தப்பட்டாங்க. வெளியாள் என்ற பாத்திரம் கடலின் ரெண்டு கரையிலும் ஒரே சமயத்தில் உருவாச்சு. ஒன்று நாடகத்தில். மற்றது லயத்தில்.

1911 குடிசன மதிப்பீட்டில் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு பெயரும் வந்துடுச்சு. அதுவரை 'தமிழர்' என்று ஒன்றாக எண்ணப்பட்டவங்களை முதல் தடவையா 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று ரெண்டாகப் பிரிச்சு எண்ணினாங்க. தோட்டத்தில் பிறந்தவனும் இந்தியன். தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பிறந்தவனும் இந்தியன்.

இப்போ செனட் சபைக் காட்சியை இன்னொரு தடவை வாசிங்க. டெஸ்டிமோனாவின் அப்பா பிரபான்சியோ ஓடி வந்து, இவன் என் மகளுக்கு மருந்து வச்சு, சூனியம் செஞ்சு மயக்கிட்டான் என்று முறையிடுகிறார். (இதே பிரபான்சியோ முன்னாடி ஒதெல்லோவை அடிக்கடி வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, கதை சொல்லச் சொல்லிக் கேட்டவர். விருந்தாளியா வரலாம், மருமகனா வரக்கூடாது.) ஆட்சித் தலைவர் சொல்லும் பதில் எனக்குப் பிடிச்ச இடம்: சும்மா சொன்னா அது சாட்சி ஆகாது. அப்புறம் ஒதெல்லோவைப் பேச விடுகிறார்கள். அவன் கையில் எந்தக் கடதாசியும் இல்ல. தன் வாழ்க்கையைச் சொல்கிறான்: பட்ட போர், அடிமையா விற்கப்பட்டது, மீட்கப்பட்டது, நடந்த பாலைவனம். அவ்வளவுதான் அவன் சாட்சி. சபை ஏத்துக்குது.

ஏன் ஏத்துக்குது? அவன் அழகாகப் பேசினான் என்று உரைநூல்கள் சொல்லும். எனக்கு அது பாதிதான் சரினு படுது. சைப்பிரஸை நோக்கித் துருக்கிக் கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன, அனுப்ப வேற ஆள் இல்ல. அன்னைக்கு ராத்திரி வெனிஸுக்கு ஒரு தளபதி தேவைப்படலேன்னா அந்தக் கதைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? அதுக்கான விடையை ஷேக்ஸ்பியர் ரெண்டாவது அங்கத்தில் தர்றார். புயலில் துருக்கிக் கப்பல்கள் அழிஞ்சுபோகுது. ஒதெல்லோ சண்டையே போடாமல் போர் முடிஞ்சுடுது. அந்த நிமிஷத்திலிருந்து அவன் செய்யவேண்டிய வேலை ஒன்றும் இல்ல. கொஞ்ச நேரத்தில் வெனிஸிலிருந்து கடிதம் வருது: நீ திரும்பி வா, உன் இடத்தில் காசியோ இருக்கட்டும். இயாகோ விரிச்ச வலையைப் பத்தி எல்லோரும் பேசுவாங்க, பேசணும்தான். இந்தக் கடிதத்தைப் பத்தி யாரும் அதிகம் பேசக் காணோம்.

நம்மகிட்டயும் சாட்சி கேட்டாங்க. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த வருஷமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இங்கே பிறந்தது போதாது. அப்பா இங்கே பிறந்ததை நிரூபிக்கணும், இல்லேன்னா அப்பாவோட அப்பாவும் அவரோட அப்பாவும் இங்கே பிறந்ததைக் காட்டணும். பூட்டனார் பிறந்த கடதாசி லயத்தில் யார்கிட்ட இருக்கும்? கொழும்பில் மாளிகையில் இருக்கிறவங்ககிட்டயே இருந்திருக்குமானு சந்தேகம், ஆனா அவங்ககிட்ட யாரும் கேட்கல. 1949இல் இன்னொரு சட்டம், இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன்னாடி கலியாணம் கட்டினவங்க ஏழு வருஷமும் கட்டாதவங்க பத்து வருஷமும் விடாமல் இங்கே இருந்திருக்கணும். எட்டு லட்சத்துக்கும் அதிகமானவங்களுக்காக விண்ணப்பங்கள் போச்சு. கிடைச்சது ஒன்றரை லட்சம் பேருக்கும் குறைவு. அதே 1949இல் வாக்குரிமையும் போச்சு.

விசாரணைக்குப் போன நம்ம தாத்தாமாரும் ஒதெல்லோ மாதிரித்தான் தங்கள் வாழ்க்கையைச் சொல்லியிருப்பாங்க. எந்த மலையில் காடு வெட்டினோம், எந்த வருஷம் கன்னு நட்டோம், எந்த லயத்தில் பிள்ளை பிறந்தது, எந்த மேட்டில் அப்பனைப் புதைச்சோம். அந்தக் கதை சாட்சியா எடுபடல. கேட்டது கடதாசி.

இந்த இடத்தில் ஒதெல்லோவை 'நம்ம ஆள்' ஆக்கிவிடுவது ரொம்ப லேசு. வகுப்பில் குறிப்பெடுக்கிறப்போ நானும் பக்கம் பக்கமா அப்படித்தான் எழுதினேன். ஆனா நாலாவது அங்கத்துக்கு வந்ததும் பேனா நிக்குது. வெனிஸிலிருந்து அந்தக் கடிதம் வருகிற காட்சியும், எல்லோர் முன்னாடியும் ஒதெல்லோ டெஸ்டிமோனாவை அறைகிற காட்சியும் ஒன்றுதான். கடிதத்தை வாசிச்சுக்கொண்டு இருக்கிறான், அவள் ஏதோ சொல்கிறாள், அடி விழுது. அரசு அவனை என்ன செஞ்சுதோ அதுக்கு அடி வாங்கினது யார்? செக்ரோல்ல அரைப் பேர் விழுந்த நாளில், சாராயத் தவறணையைத் தாண்டி வீட்டுக்கு வருகிற ஆளை லயத்தில் பார்த்து வளர்ந்த பொம்பளைப் பிள்ளைங்களுக்கு இந்தக் காட்சிக்கு உரைநூல் வேண்டாம். அவன் வெளியாள், அவமானப்பட்டவன், எல்லாம் உண்மை. அவள் கழுத்தும் உண்மை.

முதல் அங்கத்தில் வாயால் சொன்ன கதையைச் சாட்சியாக ஏத்துக்கச் சொன்னவன், மனைவி வாயால் சொன்னதை ஏத்துக்கல. கண்ணால் காண்கிற சாட்சி கொண்டா என்று இயாகோவிடம் கேட்கிறான். கிடைச்சது ஒரு கைலேஞ்சி. அந்தத் துணியைச் சுத்தி எத்தனை பொய் கட்டப்பட்டது என்பதைக் கடைசியில் உடைக்கிறது எமிலியா, இயாகோவின் மனைவி. கணவன் வாயை மூடு என்கிறான், வாள் எடுக்கிறான், அவள் மூடவில்லை. குத்துப்பட்டுச் சாகிறாள். வெனிஸ் செனட்டர்கள் யாரும் கண்டுபிடிக்காத உண்மையை ஒரு வேலைக்காரி நிலையில் இருந்த பொம்பளை சொல்லிட்டுப் போறா. எனக்கு இந்த நாடகத்தில் நாயகர் யார் என்று பரீட்சையில் கேட்டா என்ன எழுதணும்னு தெரியும். மனசில் இருக்கிறது வேற பெயர்.

தோட்டத்துக்குத் துன்பியல் நாடகம் புதுசு என்று யாரும் நினைச்சுடக் கூடாது. மாசி மாசம் வளர்பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கிற வரைக்கும் நடக்கிற காமன் கூத்தை நினைச்சுப் பாருங்க. காமன் ஏன் சாகிறான்? தேவர்களுக்கு ஒரு போர்த் தேவை. அசுரனை அழிக்க சிவனுக்கு ஒரு பிள்ளை பிறக்கணும், தவத்தில் இருக்கிற சிவனை எழுப்பணும். அந்த ஆபத்தான வேலைக்குக் காமனை அனுப்புறாங்க. ரதி போகாதேன்னு தடுக்கிறாள். அவன் போகிறான், நெற்றிக்கண்ணில் எரிகிறான். அனுப்பினவங்க யாரும் எரியல. பெரியவர்களின் போருக்காக வேலைக்கு வைக்கப்பட்டு, அந்த வேலையிலேயே அழிகிறவன் கதை. தப்பு அடிக்க அடிக்க, வயசு வித்தியாசமில்லாமல் தோட்டமே நின்று பார்க்கிற கதை. 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று லாவணியில் ரெண்டு பக்கமா நின்று, காமன் எரிஞ்சானா இல்லையானு விடிய விடிய வாதாடுகிற மரபும் இந்தக் கதைக்கு உண்டு. ஒரு துன்பியல் முடிவைப் பத்தி இப்படி ஊரே கட்சி பிரிஞ்சு விவாதிக்கிற பழக்கம் லண்டனில் இருந்ததா என்று நான் எங்கேயும் வாசிச்சதில்ல.

ரதி வேஷத்தை நம்ம பக்கம் ஆம்பளைங்கதான் கட்டி வந்தாங்க. ஷேக்ஸ்பியர் காலத்தில் டெஸ்டிமோனாவும் பையன்தான். ஆங்கிலப் பொது மேடையில் ஒரு பெண் நடிகை முதல் தடவையா ஏறினது 1660 டிசம்பரில், டெஸ்டிமோனா வேஷத்தில் என்றுதான் பொதுவாகச் சொல்றாங்க. நாடகம் எழுதி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. நாம இன்னும் லேட்.

அப்போ, காமன் கூத்து இருந்த இடத்தில் ஒதெல்லோ ஏன் வந்து சேரல? பதில் பள்ளிக்கூடத்தில் இருக்கு. 1907 கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுத்தறிவு கொடுக்கச் சொல்லித் துரைமாருக்குப் பொறுப்பு வச்சது. அதில் வந்தது ஒரு வாத்தியார், ஒரு கூரை, நாலைந்து வகுப்பு. 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. 1970களில்தான் அரசு அவற்றைப் படிப்படியாப் பொறுப்பெடுத்தது. ஆங்கில இலக்கியம் படிக்கணும்னா தோட்டத்தை விட்டு டவுன் பள்ளிக்கு வரணும். சி.வி. வேலுப்பிள்ளை மாதிரிச் சிலர் வந்தாங்க. பூண்டுலோயாவுக்குப் பக்கத்தில் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த அவர், ஆங்கிலத்தில் கவிதை எழுதுகிற அளவுக்குப் போனார். எழுதினது தேயிலைத் தோட்டத்தைப் பத்தி. அதே ஆள்தான் மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். ஒரு கையில் இது, ஒரு கையில் அது என்று அவருக்குக் குழப்பம் இருந்ததாத் தெரியல.

மத்தவங்களுக்கு ஒதெல்லோ சிவாஜி ரூபத்தில்தான் வந்தான். 1963இல் வந்த 'ரத்தத் திலகம்' படத்தில், கல்லூரி நாடகக் காட்சியில் சிவாஜி ஒதெல்லோ, சாவித்திரி டெஸ்டிமோனா, வசனம் முழுக்க இங்கிலீஷ். எங்க அப்பாயிக்கு அந்தக் காட்சி நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு வார்த்தை விளங்கல, ஆனா அந்தப் பொண்ணு பாவம்னு விளங்கிச்சு என்பது அவரோட விமர்சனம். ஒதெல்லோவைப் பத்தி நான் வாசிச்ச பல கட்டுரைகளை விட இது சுருக்கம்.

கடைசிக் காட்சியில் ஒரு சொல் இருக்கு, அதைப் பத்திச் சொல்லாமல் விட முடியாது. டெஸ்டிமோனாவைக் கொன்ற பிறகு, உண்மை தெரிஞ்ச பிறகு, ஒதெல்லோ தன்னைப் பத்தி எப்படி எழுதணும் என்று சபையாரிடம் சொல்கிறான். இந்த அரசுக்கு நான் கொஞ்சம் சேவை செஞ்சிருக்கிறேன், அது அவங்களுக்கும் தெரியும் என்று தொடங்குகிறான். அப்புறம், தன் குலத்தை விட மதிப்பான ஒரு முத்தை அருமை தெரியாமல் எறிஞ்ச ஒருத்தனோட தன்னை ஒப்பிடுகிறான். அந்த ஒருத்தன் யார்? 1622இல் வந்த தனிப் பதிப்பில் 'இந்தியன்'. அடுத்த வருஷம், 1623இல் வந்த பெருந்தொகுப்பில் 'யூதேயன்'. எழுத்துக் கோப்பவர் ஒரு எழுத்தைத் தலைகீழாப் போட்டாரா, இன்னொன்றை மாத்தி வாசிச்சாரா என்று நானூறு வருஷமா வாதம் நடக்குது. யூதேயன் என்றால் யூதாஸ், இல்லேன்னா மனைவியைக் கொன்ற ஏரோது என்பாங்க. இந்தியன் என்றால், பொன்னின், முத்தின் விலை தெரியாத இந்தியர் பத்தி அந்தக் காலத்துப் பயணக்காரர் எழுதின கதைகள் என்பாங்க. அந்த இந்தியன் அமெரிக்காக்காரனா ஆசியாக்காரனா என்பதும் நிச்சயமில்ல.

இதில் எது ஷேக்ஸ்பியர் கை என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்ல. ஆனா கொற்கை முத்துத்துறை. முத்துக் குளிச்சவங்க அதோட விலை தெரியாதவங்க இல்ல, விலையை வாங்கிப்போனவன் வேற என்பதுதான் பிரச்சினை. 'அறியாத இந்தியன்' என்ற வாசகத்தை இந்தியத் தமிழர் என்று பிறப்புச் சான்றிதழில் எழுதப்பட்ட ஒரு பிள்ளை வகுப்பில் சத்தமா வாசிக்கிறப்போ, பக்கத்தில் இருக்கிறவங்களுக்கு அது வெறும் பாடபேதம். விரிவுரையாளர் அடிக்குறிப்பை விளக்கிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டார். நான் அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் நின்னேன். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்ம ஆட்கள் நடந்துபோனப்போ கேட்டவற்றில் இதுவும் ஒன்று: எங்களை மலையகத் தமிழர்னு சொல்லுங்க. ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு தூரம் நடக்கணும்னு கேட்டவங்களும் இருந்தாங்க.

மாதவையாவின் தலைப்புக்கு ஒரு பின்கதை இருக்கு. அதை எழுதினது எந்த எழுத்தாளரும் இல்ல. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா எடுக்கணும், 3,00,000 பேரை இலங்கை எடுக்கணும், மிச்சம் 1,50,000 பேர் கதை பிறகு பார்க்கலாம். பத்து வருஷம் கழிச்சு 1974இல் பார்த்து, ஆளுக்கு 75,000 என்று பிரிச்சுக்கிட்டாங்க. டெஸ்டிமோனாவின் கலியாணத்தைப் பத்தி வெனிஸ் சபை அவளையே கூப்பிட்டுக் கேட்டது. இந்த ஒப்பந்தத்தில் யாரையும் கூப்பிட்டுக் கேட்கல.

ஹட்டன் ஸ்டேசனில் ஏத்தி, தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சியை எங்க வீட்டுப் பெரியவங்க 'அழுகைக் கோச்சி' என்றுதான் சொல்லுவாங்க. அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம். பிறகு பலர் நீலகிரிக்குப் போனாங்க. தாயகம் திரும்பியவங்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது, பிறகு அது டேன்டீ கழகம் ஆச்சு. கூடலூர், கோத்தகிரி, குன்னூர். திரும்பவும் கொழுந்துக் கூடை, திரும்பவும் லயம். பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டைவிட்டு வந்ததுக்காக இங்கே இந்தியன் என்று சொல்லப்பட்டவங்க, தமிழ்நாட்டில் தமிழர் நடுவில் போய் இறங்கினதும் அங்கே இன்னொரு பெயர் தயாரா இருந்தது. எங்க அப்பாயியோட அக்கா போய் ஐம்பது வருஷம் ஆகப்போகுது. ஹட்டன் பக்கத்தில் பிறந்தவர், ஒரு சிங்களச் சொல்லும் சரியா வராது. கோத்தகிரி சந்தையில் இன்னைக்கும் அவருக்குப் பேர் 'சிலோன்காரம்மா'.